வைட்சப்பலில் ஒரு திகதி கேட்டேன்

ரஷ்யப் புரட்சியாளர்கள் லண்டனில் நடமாடிய இடங்களைப் பார்க்க நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவும். அரை நாள் போதும், செலவும் அதிகமில்லை. ஆனால் நான் போனது ரஷ்யாவுக்காக இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இடங்களுக்கு நடையாகக் கூட்டிப்போன மனிதரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருந்தது. என் அண்ணா எந்த நாளில் செத்தான்?

கொஞ்சம் விளக்க வேண்டும். அண்ணா வசந்தன் எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் ஓர் இயக்கத்துக்குப் போனான். பெயர் வேண்டாம், அந்த இயக்கம் இன்று இல்லை. அவனை இலங்கை ஆமி சுடவில்லை. கூட இருந்தவர்களே துரோகி என்று சொல்லிப் பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டார்கள். உடலைத் தரவில்லை, நாளையும் சொல்லவில்லை. நாள் தெரியாவிட்டால் திதி இல்லை, திதி இல்லாவிட்டால் திவசம் இல்லை. பொதுவாக ஓர் அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அம்மா மசியவில்லை. "அவனென்ன பொதுப் பிள்ளையோ? நான் பெத்த பிள்ளை. அவன்ரை நாளைச் சொல்லச் சொல்லு" என்பார். அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது.

போன மாதம் முகநூலில் ஓர் அறிவிப்பு வந்தது. லண்டனில் ரஷ்யப் புரட்சி, தமிழில் விளக்கத்தோடு ஒரு நடைச் சுற்றுலா, கட்டணம் இல்லை. நடத்துபவரின் படத்தைப் பார்த்ததும் ஆளை அடையாளம் கண்டுவிட்டேன். குலமண்ணை. அண்ணாவின் இயக்கத்தில் அரசியல் வகுப்பு எடுத்தவர். கனடாவில் இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தோம். மனுசன் இதே லண்டனில், குட்மேய்ஸில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். ஹரோவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ரயில், அவ்வளவுதான். நான் ஆஸ்பத்திரியில் மிட்வைஃபாக, அதாவது பிரசவம் பார்ப்பவளாக, வேலை செய்கிறேன். அந்தச் சனிக்கிழமை ஷிப்டை வேறு ஒருத்தியிடம் மாற்றிக்கொண்டேன்.

ஹரோ ஒன் த ஹில்லில் மெட்ரோபொலிட்டன் லைன் எடுத்தால் ஃபாரிங்டனுக்கு முப்பத்தைந்து நிமிடம். வார இறுதியில் பாதையை மூடி வேலை செய்யும் வழக்கம் உண்டு, ஆகையால் முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஃபாரிங்டனிலிருந்து கிளார்க்கன்வெல் கிரீனுக்கு ஐந்து நிமிட நடை. காலை பத்தரைக்கு ஏழு பேர் கூடி நின்றோம். குலமண்ணைக்கு எழுபதுக்கு மேலிருக்கும். கம்பளித் தொப்பி, கையில் ஒரு குடை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை, அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை.

ஜார் மன்னனின் பொலிசுக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் இங்கேதான் ஒரு பத்திரிகையை அச்சடித்து ரஷ்யாவுக்குள் கடத்தினார்கள். அந்தக் கட்டிடத்துக்கு முன்னால் நின்றுதான் அவர் பேசினார். நன்றாகவே பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பண்ணையடிமைகளை விடுவித்துவிட்டு, அவர்கள் உழுத நிலத்துக்கே வருடக்கணக்கில் தவணை கட்ட வைத்த கதையைச் சொன்னார். நகரத்துத் தொழிற்சாலையில் இரவு வேலைக்காரன் எழும்பிப் போக, அதே கட்டிலில் பகல் வேலைக்காரன் வந்து படுத்ததைச் சொன்னார். 1905 தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர்கள் பெண்டு பிள்ளைகளோடு, சாமி படத்தையும் மன்னன் படத்தையும் தூக்கிக்கொண்டு, மனுக் கொடுக்க அரண்மனைக்குப் போனார்கள். படை அவர்களைச் சுட்டது. பிறகு உலகப் போர், பாண் ரொட்டிக்கு வரிசை. 1917இல் மகளிர் தினத்தன்று அந்த வரிசையில் நின்று அலுத்த பெண்களும் மில் பெண்களும் தெருவுக்கு இறங்கினார்கள். கொஞ்ச நாளில் ஜார் முடியை இழந்தான்.

இதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. அந்த வரிசையில் நின்றிருந்தால் நானும்தான் கல்லெடுத்திருப்பேன். அண்ணாவும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் வீட்டை விட்டுப் போனான், இதே வாயால் கேட்டுத்தான் போனான்.  என்றாலும் பொறுத்தேன். கேட்க வேண்டிய இடம் அடுத்தது என்று எனக்குத் தெரியும்.

ஃபாரிங்டனுக்குத் திரும்பி எலிசபெத் லைன் எடுத்தால் வைட்சப்பல் இரண்டாவது நிறுத்தம். வெளியே வந்து சந்தைக் கடைகளைத் தாண்டி ஏழெட்டு நிமிடம் நடந்தால் ஃபீல்ட்கேட் வீதி. அங்கே சின்னச் சின்ன ஜன்னல்களோடு பெரிய செங்கல் கட்டிடம் ஒன்று நிற்கிறது. அந்தக் காலத்தில் ஏழைத் தொழிலாளர் காசு கொடுத்து இரவு தங்கிய விடுதி, இப்போது அடுக்குமாடி வீடுகள். வெளியே நின்றுதான் பார்க்கலாம். 1907இல் புரட்சிக்காரர்கள் லண்டனில் மாநாடு கூட்டியபோது வந்தவர்களில் சிலர் இங்கேதான் தங்கினார்களாம். அவர்களில் ஒருவர் பின்னாளில் அந்த நாட்டையே ஆண்டார் என்று குலமண்ணை பெருமையாகச் சொன்னார்.

"அண்ணை, மாநாட்டுக்கு வந்த மற்ற ஆக்களுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "கனபேர் பிறகு கொல்லப்பட்டவை."

"ஆர் கொன்றது?"

"பிறகு நாட்டை ஆண்ட அந்த ஒருவரின்ரை அரசுதான். உள்நாட்டுப் போர், பஞ்சம், சதி, உளவு எண்டு நாடு கிடந்த கிடையிலை… புரட்சி எண்டுறது பிள்ளைப்பேறு மாதிரித் தங்கச்சி. இரத்தம் சிந்தாமல் ஏலாது."

இதைச் சொல்வதற்கு என்னைவிடத் தவறான ஆள் அவருக்குக் கிடைத்திருக்க முடியாது.

"நான் மிட்வைஃப்," என்றேன். "பிள்ளைப்பேற்றிலை இரத்தம் போனால் எவ்வளவு எண்டு நாங்கள் அளக்கிறனாங்கள். நேரம் எழுதி வைக்கிறனாங்கள். பிள்ளை தப்பாட்டிலும் தாய்க்குப் பக்கத்திலை இருந்து எத்தினை மணிக்கெண்டு சொல்லுறனாங்கள். நீங்கள் எங்கடை அம்மாவுக்கு என்ன சொன்னனீங்கள்? நான் வசந்தன்ரை தங்கச்சி."

மற்றவர்களுக்கு முகம் மாறிவிட்டது. எதிரே தேநீர்க் கடை இருக்கிறது என்று யாரோ சொல்ல, எல்லாரும் அந்தப் பக்கம் நழுவினார்கள். நாங்கள் இரண்டு பேரும் நடைபாதையில் நின்றோம்.

"அது மேலிடத்து முடிவு. நான் அதிலை இல்லை," என்றார்.

"வகுப்பிலை அண்ணா ஒரு கேள்வி கேட்டவன். எங்களுக்குள்ளை காணாமல் போன பொடியளுக்கு என்ன நடந்ததெண்டு. கூட இருந்த பொடியன் ஒருத்தன் வந்து எங்களுக்குச் சொன்னவன். அதை மேலை கொண்டுபோய்ச் சொன்னது ஆர்?"

 அதற்குப் பதிலாகத் தொடங்கினாரே ஒரு விளக்கம். ஆமி சுற்றி வளைத்திருந்ததாம், உளவாளிகள் புகுந்திருந்தார்களாம், அந்தக் காலச் சூழ்நிலையை விளங்கிக்கொள்ள வேண்டுமாம். காலையில் ரஷ்யாவுக்குச் சொன்ன அதே குரல், அதே ஏற்ற இறக்கம். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குடையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். எத்தனை பிணத்தை இந்தச் 'சூழ்நிலை' என்ற ஒரு சொல்லுக்குக் கீழே போட்டு மூடிவிட்டார்கள்!

"நிப்பாட்டுங்கோ," என்றேன். "ஜாரையும் பிள்ளையளையும் சுட்டுக் காட்டுக்குள்ளை புதைச்சவங்கள். எண்பது வருசத்துக்குப் பிறகு அதுகளையே தோண்டி எடுத்துப் பேர் சொல்லி அடக்கம் செய்தாச்சு. நான் உடம்பு கேக்கேல்லை, ஆர் சுட்டதெண்டும் கேக்கேல்லை. எண்டைக்கு? அதை மட்டும் சொல்லுங்கோ."

குடையை மற்றக் கைக்கு மாற்றினார். ஒரு பஸ் வந்து நின்று போனது.

"சித்திராப் பௌர்ணமி," என்றார். "அவனைப் பிடிச்ச அதே மாசம். மத்தியானம். பக்கத்துக் கோயிலிலை சித்திரைக் கஞ்சி வார்க்க மணி அடிச்சது."

"அப்ப நீங்கள் அங்கை நிண்டிருக்கிறியள்."

"ஓம்."

"இவ்வளவு காலமும் ஞாபகம் இருந்திருக்கு."

"மறக்க ஏலுமே தங்கச்சி?"

அவருடைய கண் கலங்கியிருந்தது. அது என் கோபத்தை ஒரு சொட்டும் குறைக்கவில்லை. ஒரு சொல், ஒரு தொலைபேசி அழைப்பு, பெயர் போடாத ஒரு கடிதம் போதுமாயிருந்தது. அதைக்கூடச் செய்யாமல் இந்த மனுசன் சனிக்கிழமைகளில் ஊரைக் கூட்டி வரலாறு நடத்தியிருக்கிறார். நன்றி சொல்லாமல் திரும்பி நடந்தேன்.

போகிறவர்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காலை பத்தரைக்குத் தொடங்கினால் ஒன்றரைக்குள் முடியும். நாள் முழுக்கப் பயணச் செலவாக என் கார்டில் வெட்டுப்பட்டது பத்துப் பவுண்டு சொச்சம். நல்ல சப்பாத்துப் போடுங்கள், கிளார்க்கன்வெல் கட்டிடத்துக்கு உள்ளே போக விரும்பினால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டிகள் புரட்சி ஏன் வந்தது என்று அழகாகச் சொல்வார்கள், அதைக் கவனமாகக் கேளுங்கள், உண்மைதான். பிறகு, அதற்குள் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். சூழ்நிலை என்று தொடங்கினால் விடாதீர்கள். பெயர் கேளுங்கள், நாள் கேளுங்கள்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா கட்டிலில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நாளைச் சொன்னேன், நேரத்தையும் சொன்னேன். மணி அடித்ததையும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அண்டைக்கு நான் கோயிலிலை கஞ்சி வாங்கினனான்," என்றார். "அவன் வந்தால் குடிப்பான் எண்டு மூடி வச்சனான். பொழுது படப் புளிச்சுப் போச்செண்டு மாட்டுக்கு ஊத்தினனான்."