மஞ்சள் பென்சிலும் ஏரிக்கரைப் பனையும்

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கும்மிடிப்பூண்டியில் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி ஒன்றில் கடைசி மேடை என்னுடையது. பெயின்ட் காய்ந்து வரும் பம்பரை வரிசையாக எரியும் டியூப் லைட்டுகளுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். தூசி உட்கார்ந்த இடம், பெயின்ட் வழிந்த இடம், நிறம் மங்கின இடம், எதுவாக இருந்தாலும் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம். 'ரவுண்ட் போடுறது' என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அடுத்த மேடையில் இருப்பவர் அந்த இடத்தைத் தேய்த்து, பாலிஷ் போட்டு, வட்டத்தைத் துடைத்து அனுப்பிவிடுவார்.

பல வருஷமாக இதே வேலை. ஷிப்ட் முடிந்தாலும் கண் முடித்துக்கொள்வதில்லை. தோசையின் ஓரம், சுவரில் கோணலாக அடித்த ஆணி, சொந்தக்காரர் கொண்டுவந்து நீட்டும் கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றிலும் எனக்கு ஒரு நொட்டை தெரியும். தெரிந்தால் சொல்லாமலும் இருக்க மாட்டேன். என் மனைவி திருவாலங்காட்டுக்காரி, வாய் ஓயாதவள். அவளுக்கு இது போதாதா.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இந்தக் கண்ண எங்கயா வச்சிட்டு வந்த? என்னிய எப்பிடி பாஸ் பண்ண?" என்று நாலு பேர் முன்னால் கேட்பாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்கு மார்பில் கட்டி என்றார்கள். பிறகு புற்றுநோய் என்றார்கள். சென்னை ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். மருந்தெல்லாம் ஏற்றி முடித்து, கொட்டின முடி மறுபடி முளைத்தது. பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். பீரோக் கண்ணாடியின் மேல் ஒரு துண்டைத் தொங்கப் போட்டாள். நான் எடுத்தால் மறுபடி போட்டுவிடுவாள். செத்துப்போய்விடுவாளோ என்ற பயம் எனக்கு ஆஸ்பத்திரியோடு குறைந்துவிட்டது. இந்த பயம் வேறு. என்னைக் கேலி செய்கிறவள் இனிமேல் வரவே மாட்டாளோ என்று இருந்தது.

இடது கையைத் தினமும் சுவரில் வைத்து விரல் விரலாக மேலே ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் தோள் இறுகிவிடும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னால் அவளுக்கு அழுகை வந்துவிடும். நடக்கவும் சொல்லியிருந்தார்கள். மெயின் ரோடு முழுக்கக் கன்டெய்னர் லாரி. அதனால் காலையில் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்குக் கூட்டிப்போனேன்.

எங்கள் வீட்டில் ஏரிக்குச் சும்மா போனவர்கள் கிடையாது. அப்பா அந்தப் பாசனத்து நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர். ஏரி என்றால் எங்களுக்கு வேலை. அங்கே போய் உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று. ஒரு பக்கம் கரையில் பனைமரங்கள். எதிர்ப்பக்கம் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் கருவேல மரங்கள். அதற்கும் அப்பால் காம்பவுண்டு சுவர் வரைக்கும் முள்காடு, மனுஷன் உள்ளே போக வழியில்லை. அதனாலேயே அங்கே பறவைகள் நிம்மதியாக இருந்தன.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவளாகவே ஒரு பனைமரத்தின் முன்னால் போய் நின்றாள். பனையின் உடம்பில் வளையம் வளையமாகத் தடம் இருக்குமே, அதில் இடது கை விரல்களை வைத்து ஒவ்வொரு வளையமாக மேலே ஏற்றினாள். முகம் வலியில் சுருங்கியது. எட்டின இடத்தில், ஆடு மேய்க்கிறவர்கள் டீ போட்ட அடுப்பிலிருந்து எடுத்த கரித்துண்டால் ஒரு கோடு போட்டாள். மறுநாள் அதற்கு மேல் இன்னொரு கோடு.

கரி கையில் இருந்ததால்தான் படம் வந்தது. ஈரத்தில் உட்காராமல் இருக்க, கம்பெனியில் கழித்துப்போட்ட செக்கிங் தாள்களை எடுத்துப்போவேன். அவள் ஒன்றை உருவி, பின்பக்கத்து வெள்ளையில் கருவேல மரத்தை வரைந்தாள். கோவை இலையைக் கசக்கித் தேய்த்தால் பச்சை. ஆவாரம்பூவைத் தேய்த்தால் மஞ்சள். செம்மண்ணை எச்சில் தொட்டுக் குழைத்துக் கரைக்கு நிறம் கொடுத்தாள். அவளுக்கு வரையத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தலை குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நான் மூச்சுக்கூட மெல்ல விட்டேன்.

ஒருநாள் கருவேலக் கிளையில் ஒரு நீர்க்காகம் இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தது.

"பாருயா, அதுவும் எக்சர்சைஸ் பண்ணிக்கினு கீது," என்றாள்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளாக வாயைத் திறந்து சொன்னது. நான் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்ததை முகம் கழுவுகிற சாக்கில் மறைத்தேன். அவள் அந்தப் பறவையை வரைந்தாள். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் அதை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

நான் கெடுத்தேன். சட்டைப் பையில் பென்சில் இருந்தது. படம் ரொம்ப நன்றாக இருந்தது, ஒரே ஒரு இடம் தவிர. பறவையின் ஒரு சிறகு முழுசாக இருந்தது, இன்னொன்று சின்னதாக, இறங்கி இருந்தது. அதை மட்டும் சரி செய்தால் பிரேம் போட்டு மாட்டலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். குட்டைச் சிறகைச் சுற்றி மஞ்சளாக ஒரு வட்டம் போட்டேன்.

அவள் தலை துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள்.

"ஆமா, ஒரு றெக்க கொறச்சல்தான்," என்றாள்.

அப்போதுதான் அந்தப் பறவை யார் என்று எனக்கு உறைத்தது. மூளை இருக்கிறதா எனக்கு என்று என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அவள் தாளை நாலாக மடித்து அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டாள். அடுத்த நாள் ஏரிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கை வலிக்கிறது என்றாள். வராததால்தான் வலித்தது.

நான் சமாதானம் சொல்லப் போய் இன்னும் சொதப்பினேன். "கம்பெனில நல்ல பீஸுக்குத்தாம்மே ரவுண்ட் போடுவோம். தேறாதத அப்பிடியே ஸ்க்ராப்புல போட்டுருவோம்," என்றேன்.

"நா இன்னா பம்பரா? தேச்சி பாலிஷ் போட," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டிலிருக்க முடியாமல் வாராந்திர லீவில் நான் மட்டும் ஏரிக்குப் போனேன். பனைமரத்தில் அவள் போட்ட கரிக் கோடுகள் இருந்தன. கடைசிக் கோடு என் நெற்றி உயரம். சும்மா உட்கார முடியாமல் வழக்கம்போல நொட்டை பார்க்க ஆரம்பித்தேன். ஆவாரம் இலையில் ஒன்றுகூட ஓட்டையில்லாமல் இல்லை. பனை நட்டமாக இல்லை, பாதியில் வளைந்து மேலே போயிருந்தது. ஒரு கொக்குக்குக் கழுத்தெல்லாம் சேறு. எங்கள் மேடைக்குப் பக்கத்தில் 'இப்படி இருந்தால் சரி' என்று காட்ட ஒரு மாதிரி பம்பர் தொங்கும், சந்தேகம் வந்தால் அதைப் பார்ப்போம். இங்கே எதை எதோடு வைத்துப் பார்ப்பது? கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய், வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, காலை வெயில் முதுகில் சுட்ட பிறகுதான் எழுந்தேன்.

எழுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். கரியை எடுத்து, செக்கிங் தாளின் பின்னால் நானும் வரைந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதல் தடவை. பனை, ஏரி, கொக்கு. மரத்தின் முன்னால் அவள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விரல்களை வளையத்தில் வைத்தபடி. தினமும் பின்னால் உட்கார்ந்து பார்த்ததால் அவளை மட்டும் யோசிக்காமல் போட முடிந்தது.

வீட்டுக்கு வந்து படத்தையும் மஞ்சள் பென்சிலையும் அவள் முன்னால் வைத்தேன்.

"இப்ப நீ போடு," என்றேன்.

இரண்டையும் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்தாள். பனைக்கு ஒரு வட்டம். "மரமா இது, தொடப்பமா?" தண்ணீருக்கு ஒரு வட்டம். "ஏரின்னு எழுதி வச்சிரு, இல்லனா தெரியாது." கொக்குக்கு இரண்டு வட்டம் போட்டாள். "குடைக்கு எதுக்குயா காலு?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் தையல் போட்ட பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். நான் திட்டு வாங்கின பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன், உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

பென்சில் அவள் உருவத்துக்கு வந்ததும் நின்றது. சிரிப்பும் நின்றது.

"இந்தப் பக்கம் தோளு எறங்கிக்கீது," என்றாள்.

பார்த்தேன். இடது தோள் இறங்கித்தான் இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அப்படித்தான் நிற்கிறாள், அப்படியே வரைந்திருக்கிறேன். போச்சு, மறுபடி கெடுத்தோம் என்று நினைத்தேன்.

"நீ ஒண்ணு உடாம நொட்ட சொல்றவன். வரையும்போது இது தெர்ல?"

"தெரிஞ்சுது," என்றேன். "நீ அப்பிடித்தான நிக்கிற."

"அப்போ ரவுண்ட் போடலியா?"

"அதுல ரவுண்ட் போட இன்னாம்மே கீது?"

சாமர்த்தியமாகப் பேசவேண்டும் என்று சொன்னதில்லை. எனக்கு அங்கே உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. அவள் என் முகத்தை, நான் பம்பரைப் பார்க்கிற மாதிரி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பொய் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினாள் போல. பிறகு அரிசி டப்பாவை நகர்த்தி நாலாக மடித்த தாளை எடுத்தாள். முந்தானையால் அந்த மஞ்சள் வட்டத்தைத் துடைத்தாள். மெழுகு முழுசாகப் போகவில்லை, லேசாக ஒரு தடம் நின்றது. இரண்டு படத்தையும் ஒன்றாக வைத்தாள்.

"நாளிக்கு இன்னா ஷிப்டு?" என்று கேட்டாள்.

"செகண்டு."

"அப்ப காலைலயே போலாம். தாளு நெறைய எடுத்துக்கோ."

பென்சிலைத் திருப்பிக் கேட்டேன், கொடுக்கவில்லை. இன்றுவரைக்கும் அவளிடம்தான் இருக்கிறது. கம்பெனி ஸ்டோரில் போய், தொலைந்துபோச்சு என்று சொல்லி நான் வேறு வாங்கிக்கொண்டேன்.