பிரபுவுக்குப் பெண் பார்க்க செஞ்சிக்குப் போனோம்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்காலுக்குக் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினோம். பிரபு செஞ்சிக்குப் பெண் பார்க்கப் போகிறான்; நான் கூடப் போகிறேன். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். பையனும் பெண்ணும் ஒருமுறை உட்கார்ந்து பேசுவதுதான் பாக்கி. “தேவியையும் கூட்டிட்டுப் போடா, அவ சொன்னாத்தான் நீ கேப்ப” என்று அவன் அம்மாதான் என்னைச் சேர்த்துவிட்டார். கல்லூரியில் ஒரே பெஞ்சில் ஆரம்பித்த நட்பு, பதினோரு வருடமாகிறது. அதனால் அவர் சொன்னது எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் ஒரு காதல் நாவல் படித்துக்கொண்டு வந்தேன். சின்ன வயதுச் சிநேகிதர்கள், கடைசியில்தான் காதல் என்று கண்டுபிடிக்கிறார்கள். பிரபு எட்டிப் பார்த்து, “இத்தனை வருஷம் கூடவே இருந்துட்டு ரெண்டு பேருக்கும் தெரியாதாமா?” என்றான். “கதைக்காக அப்படி எழுதுறாங்க” என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திண்டிவனம் தாண்டியதும் நிலம் மாறுகிறது. வயலுக்கு நடுவே திடீரென்று பாறைக் குன்றுகள் எழும்புகின்றன. யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியதுபோல உருண்டைக் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. அங்கிருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். பத்து மணிவாக்கில் இறங்கி, கோட்டைக்கு ஆட்டோ பிடித்தோம். ஊரிலிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டர்தான்.

பெண்ணின் பெயர் சுகன்யா. ஊரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வீட்டில் உட்கார்ந்தால் தெருவே எட்டிப் பார்க்கும் என்பதால் கோட்டையில் சந்திக்கலாம் என்றது அவள்தான். கேட்டருகே அப்பாவோடு நின்றிருந்தாள். தொண்டூர்ப் பக்கம் நெல் பயிரிடுகிறவர் அவர். “வெயில்ல நான் ஏறலம்மா. நீங்க மூணு பேரும் போய் பேசிட்டு வாங்க” என்று சொல்லி, கல்யாண மகால் நிழலில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்துகொண்டார். அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் அந்தக் கட்டடத்தின் பெயரை அவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

கோட்டையின் பெரிய மலையான ராஜகிரி ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர்கள் பேசட்டும் என்று நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். வழியெல்லாம் குரங்குகள். ஒவ்வொரு வளைவிலும் பிரபு நின்று திரும்பி, நான் வருகிறேனா என்று பார்த்தான். இரண்டு தடவை கீழே இறங்கி வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனான். போடா, அவளோடு பேசு என்று கையால் விரட்டினேன்.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை பிளந்து கிடக்கிறது. பிளவின் மேல் ஒரு சிறிய பாலம். கீழே ஆழமான பள்ளம். பிரபு வாய் திறப்பதற்குள், “நீ இங்கயே உட்காரு. நாங்க போய்ட்டு வர்றோம்” என்றேன். அவன் நிம்மதியாகப் பாறையில் உட்கார்ந்தான்.

பாலத்தைக் கடந்ததும் சுகன்யா நின்றாள். “அவருக்கு ஒயரம்னா பயம்னு ஒண்ணுமே சொல்லலியே. ஒங்களுக்கு எப்டிக்கா தெரியும்?”

“தெரியும்” என்றேன்.

உச்சியில் காற்று பலமாக அடித்தது. எதிரே கோட்டையின் இன்னொரு குன்றான கிருஷ்ணகிரி, கீழே பச்சையும் பழுப்புமாக வயல்கள். ஒரு மதில் ஓரமாக உட்கார்ந்தோம்.

“அக்கா, நான் நெறய கதப் படிப்பேன்” என்றாள். “ஃப்ரெண்ட்ஸா இருந்து லவ் பண்றவங்க கததான் ரொம்பப் புடிக்கும். எல்லாத்துலயும் நடுவுல ஒரு பொண்ணு வருவா. அவங்கம்மா பாத்த பொண்ணு. நல்லவதான். அவ வந்தப்புறம்தான் இவங்க ரெண்டு பேருக்கும் மனசுல இன்னா இருக்குதுன்னே புரியும். அதுக்கப்புறம் அவளக் காணவே காணோம். அவ இன்னா ஆனான்னு ஒருத்தரும் எழுத மாட்டாங்க.”

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“காலையிலேர்ந்து எனக்கு அதே டவுட்டா இருக்குது. மறைக்காம சொல்லுங்க. ஒங்களுக்கு அவரு மேல எதுனா இருக்குதா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனையோ பேரிடம் தயங்காமல் சொன்ன சொல் அது. அன்று வரவில்லை. “தெரியல” என்று என் குரல் சொன்னது. அதைக் கேட்டு அவளைவிட நான்தான் அதிகம் திகைத்தேன்.

“செரி, வாங்க எறங்கலாம்” என்று எழுந்தாள்.

கீழே அவள் அப்பா எலுமிச்சை சாதம் போட்டார். “பேசிட்டீங்களா?” என்றார். “பேசிட்டோம் நைனா” என்றாள் சுகன்யா. சாதம் நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ருசி நினைவில்லை.

நானும் பிரபுவும் ஆட்டோவில் ஏறும்போது எங்கள் இருவரையும் பார்த்து அவளே பேசினாள். “எனக்கு இது வேணாங்க. நைனாகிட்ட நானே சொல்லிக்கிறேன். கோவமெல்லாம் இல்ல. அந்தப் பொண்ணு கடைசில இன்னா ஆனான்னு யாருனா கேட்டா, நல்லாத்தான் இருக்கான்னு சொல்லுங்க.” சொல்லும்போது கண் லேசாகக் கலங்கியிருந்தது. அவளுக்குப் பிரபுவைப் பிடித்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பும் பஸ்ஸில் திண்டிவனம் வரை பிரபு டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். பிறகு, “அவ சொன்னது எந்தப் பொண்ணு? மேல என்னடி பேசினீங்க?” என்றான். ஒன்று விடாமல் சொன்னேன். என் பதிலையும் சொன்னேன்.

அவன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மதுராந்தகம் தாண்டியபோது சொன்னான்: “மலை ஏறும்போதே அவ என்னையும் இதையே கேட்டா. நான் இல்லன்னு சொல்லிட்டேன்.”

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது.

“சொல்லிட்டு, ஒடனே திரும்பி நீ வர்றியான்னு பாத்தேன்” என்றான். “அவ சிரிச்சா. அப்ப ஏன்னு புரியல.”

“இப்ப?”

“இப்பவும் முழுசாப் புரியல தேவி.”

நாவல்களில் இந்த இடத்தில் மழை வரும், யாராவது யார் கையையாவது பிடிப்பார்கள். எங்களுக்குச் செங்கல்பட்டு டோல்கேட் நெரிசல்தான் வந்தது. கிளாம்பாக்கத்தில் இறங்கியபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தாம்பரம் வழியாக மேற்கே போக வேண்டும், எனக்கு வேளச்சேரி. வழக்கமாக ஒரு ‘பை’ சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடுவோம்.

அவன் பஸ் வந்தது, ஏறவில்லை. என்னுடையது வந்தது, நானும் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த பஸ் வரும்வரை நிற்கலாம் என்று இருவரும் அங்கேயே நின்றோம். அதுவும் வந்து போயிற்று.