கடைசி விக்கெட்டுக்குக் காத்திருந்த ஷாஃப்ட்

இன்று காலை கோவை கணபதியில், எங்கள் மோட்டார் உதிரிபாகக் கடைக்கு லேத் வேலை செய்து தரும் அண்ணனின் பட்டறையில் மாட்டிக்கொண்டேன்.

கிணத்துக்கடவுத் தோட்டக்காரர் ஒருவரின் மோட்டாருக்கு ஷாஃப்ட் வேண்டும். நான்கு நாளாக அவருடைய தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் இல்லை.

பட்டறை ரேடியோவில் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் அணியின் வழக்கமான சரிவு. ஒன்பது விக்கெட் போயிருந்தது.

"கடைசி விக்கெட்டும் விழட்டுங்க, அப்புறம் ஃபினிஷிங் ஓட்டித் தாரேன்," என்றார் அண்ணன். "போன மேட்ச்சுல ஒருத்தன் ரன் அவுட் ஆனப்ப கை அசைஞ்சு ஒரு ஷாஃப்ட்டே வீணாப் போச்சுங்க."

"ரேடியோவ அணைச்சுட்டு ஓட்டுங்கண்ணா."

"அணைச்சா, என்னாச்சோன்னு கை இன்னும் நடுங்குமுங்க."

இந்த அணிக்கு ஐந்து நிமிடம் போதும் என்று உட்கார்ந்தேன். தொடர் முழுக்க நிற்காத கடைசி ஜோடி, இன்று முக்கால் மணி நேரம் நின்றது. பட்டறையே கைதட்டியது. அவுட் ஆகித் தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

காத்திருந்து சலித்த தோட்டக்காரரே பஸ் ஏறி வந்துவிட்டார். இவர் சத்தம் போட்டால் வேலை நடக்கும் என்று எழுந்தேன்.

"நீங்களே சொல்லுங்கய்யா."

அவர் ரேடியோ பக்கம் காதைத் திருப்பினார். "இருங்க தம்பி, என்ன அவசரம்? ஃபாலோ ஆன் தப்ப இன்னும் பதினாறு ரன்னுதானுங்க."

அதில் ஆறு ரன் எடுத்ததும் அவுட். என் சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிட்டது போல. ஃபினிஷிங் முடிந்ததும் ஷாஃப்ட்டை வாங்கிக்கொண்டு அவர் என்னிடம் பேசாமலே போய்விட்டார்.

அவுட் ஆனது அவர்கள். கோபம் என் மேல். நியாயமா, சொல்லுங்கள்.