ஆகாயத்தில் ஒரு டபுள் பெல்

காலி சீட்டோடு ஒரு வண்டி கிளம்புவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம், திருவனந்தபுரத்திலிருந்து பாறசாலை. என் ஆயுசில் பாதி அந்த ரோட்டிலேயே போயிற்று. மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவது ஆளை உட்கார வைத்துவிட்டு, "கொஞ்சம் ஒதுங்கி இரி மக்கா, தேய்ஞ்சா போவிய" என்று அதட்டியே பழகிய வாய் இது. அந்தப் புத்தி துபாய்க்குப் போயும் என்னை விடவில்லை. இல்லையென்றால் இந்த வயதில் விமானத்திலிருந்து குதித்திருப்பேனா?

மகளும் மருமகனும் அங்கே இருக்கிறார்கள். கூப்பிட்டார்கள், போனேன். மருமகனின் பிறந்தநாளுக்காக மகள் ஸ்கைடைவிங்குக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருந்தாள். பயிற்சியாளர் ஒருவர் நம்மைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பார், பாராசூட் அவர் முதுகில் இருக்கும், நாம் சும்மா தொங்கினால் போதும். அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மருமகன் முகம் வெளுத்துவிட்டது. வயிறு சரியில்லை என்றார். வேறு நாளுக்கு மாற்ற முடியாது, வேண்டுமானால் வேறு ஆள் போகலாம் என்றார்கள். மகள் கைக்குழந்தையோடு நின்றாள். காசு கட்டிய சீட்டு காலியாகப் போவதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கோபம் மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. வேலையில் இருந்த காலத்தில் நாள் முழுக்க மனிதர்கள் மேலே இடித்துக்கொண்டே இருப்பார்கள். காலை மிதிப்பார்கள், குடைத் தண்ணீரைச் சேலையில் வடிப்பார்கள். சனியன்களே என்று திட்டியிருக்கிறேன். இப்போது காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், விளக்கு வைக்கும்வரை வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. கணவர் மகளின் சின்ன வயதிலேயே இறந்துபோனார். அந்தத் தனிமை பழகிவிட்டது. இது வேறு மாதிரி. மகள் வீட்டிலும் இதேதான், அங்கே ஜன்னலும் திறக்காது.

இங்கே என் பஸ் டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து வருடங்களுக்கு மேல் எனக்கும் அவருக்கும் ஒரே டூட்டி. அவர் முன்னால், நான் பின்னால். பேச்சு என்று பார்த்தால் எல்லாம் மணிக்கயிறு வழியாகத்தான். ஒரு பெல் என்றால் நிறுத்து, டபுள் பெல் என்றால் போ. என் டபுள் பெல் விழாமல் அவர் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. கூட்டத்தில் எனக்கு ரோடு தெரியாது. தெரிவதெல்லாம் அவர் பிடரியும், காலருக்குள் செருகி வைத்த கைக்குட்டையும்தான். அந்தப் பிடரி விறைத்தால் முன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நான் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். பிறகுதான் பிரேக் விழும். நெய்யாற்றின்கரை நெரிசலையும், ஆடி மாதத்து மழையையும் அந்தப் பிடரியைப் பார்த்துத்தான் நான் கடந்தேன்.

டிப்போவில் ஒரு வாயாடி, இவர்கள் பெல்லிலேயே குடும்பம் நடத்துகிறார்கள் என்று ஒரு நாள் சொல்லி வைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து நாங்கள் டீயைக்கூட வேறு வேறு பெஞ்சில் குடித்தோம். அப்படி ஒன்றும் இல்லை என்று நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

அவர் எனக்கு முன்பே ரிட்டயர் ஆனார். மாலை போட்டார்கள், லட்டு கொடுத்தார்கள். "வாறேன் கண்டக்டரே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு சரி. அவர் வீடு குளத்தூரில். என் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரைமணிகூட ஆகாது. ஆனால் அந்த வாசலில் போய் நின்று என்னவென்று சொல்வது? சொந்தமா, பந்தமா? அவர்கள் சபைக்குப் போகிறவர்கள், நான் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். பத்திரிகை வைக்க என் வீட்டில் இனிக் கல்யாணமும் இல்லை. ஒரு காரணம், ஒரேயொரு காரணம் கிடைத்தால் போதும் என்று வருடக்கணக்காக இருந்தேன்.

விமானம் நம் பழைய மினிபஸ் அளவுதான். இரண்டு பெஞ்சு, ஒருவர் மடியில் ஒருவர் என்பதுபோல் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். ஏறியதும் என்னை அறியாமல் தலைகளை எண்ணினேன். எனக்கு வாய்த்த பயிற்சியாளன் பனை உயரத்தில் ஒரு சாயிப்பு, வெள்ளைக்காரன். மேலே போகப் போக என்னைத் தன்னோடு கொக்கி மாட்டி இறுக்கினான். கதவைத் திறந்தார்கள். படியில் தொங்கும் பையன்களை ஆயுசு முழுக்க உள்ளே போலே, உள்ளே போலே என்று விரட்டியவள், நான் அந்தக் கதவில் காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தேன். அடுத்த நொடி கீழே எதுவும் இல்லை.

காற்று இரைச்சலில் காது அடைத்துப்போயிற்று. கையை நெஞ்சில் கட்டிக்கொண்டே விழுந்தேன். சாயிப்பு என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினான். கையை விரிக்கச் சொல்லும் சைகை அது; கீழேயே சொல்லிக் கொடுத்திருந்தான். எனக்கு அது டபுள் பெல்லாகத்தான் விழுந்தது. கையை விரித்தேன். பழக்க தோஷம், நிமிர்ந்து முன்னால் பார்த்தேன்.

முன்னால் பிடரி இல்லை. யாருமே இல்லை. ஓட்டுகிறவன் பின்னால் இருக்கிறான், முன்னால் வெறும் ஆகாயம். உயரம்கூட என்னை அப்படிப் பயமுறுத்தவில்லை. இவ்வளவு பெரிய இடத்தில் முதல் ஆளாக என்னை நிறுத்திவிட்டார்களே என்றுதான் பயந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பாராசூட் விரிந்து மேலே ஒரு இழுப்பு இழுத்து, எல்லாம் அமைதியான பிறகும் திறக்கவில்லை. மாட்டிவிட்டிருந்த கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கி நின்றது. சாயிப்பு காதருகே ஏதோ காட்டிக் காட்டிச் சொன்னான். யெஸ், யெஸ் என்றேன். காலைத் தூக்கு என்று அவன் கத்தியபோது தூக்கினேன். புல்லில் சறுக்கி உட்கார்ந்ததும்தான் கண்ணைத் திறந்தேன்.

மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். என்னம்மா பார்த்தாய் என்று கேட்டாள். கடல், கட்டடம், ஈச்சமரம் மாதிரி போட்ட தீவு என்று அளந்துவிட்டேன். சாயிப்பு கையில் கட்டியிருந்த கேமராவில் எடுத்த வீடியோவை அவள் குடும்பக் குரூப்பில் போட்டாள். கண்ணாடி மினுங்கியதில் கண் மூடியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஊருக்கு வந்த பிறகும் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டது ஒன்றுதான்: பின்னால் கட்டியிருந்த பெல்ட் பலமானதா, அவிழ்ந்தால் என்ன ஆகும். பலம்தான் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

ஆனால் எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆகாயத்திலிருந்து குதித்தவள் பழைய கூட்டாளியிடம் வந்து சொன்னால் யார் என்ன நினைக்க முடியும்? துபாய்ப் பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு குளத்தூர் பஸ் ஏறினேன்.

அவர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். முடி முழுக்க நரைத்திருந்தது. எழுந்து நின்று, உள்ளே திரும்பி, நம்ம கண்டக்டர் வந்திருக்கு என்று மனைவியிடம் சொன்னார். நல்ல மனுஷி அவள். டீயும் ஏத்தங்காய் வற்றலும் கொண்டுவந்தாள். போனில் வீடியோவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு, கர்த்தர்தான் காத்தார் என்றாள். கேள்விகள் எல்லாம் அவள்தான் கேட்டாள். நான் வழக்கம்போலக் கடலையும் தீவையும் அளந்தேன். அவர் வீடியோவை இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். அவள் காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"முன்னால ஆரும் இல்லாம எப்பிடிப் போனிய கண்டக்டரே?"

பெற்ற மகளிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

"கண்ண மூடிட்டாக்கும் அண்ணா போனேன்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு ரோட்டைப் பார்த்தார். நானும் ரோட்டைப் பார்த்தேன். அவர் மனைவி உள்ளேயிருந்து கொஞ்சம் முருங்கைக்காய் கட்டிக்கொண்டு வந்து கையில் கொடுத்தாள்.

பஸ் சத்தம் கேட்டதும் எழுந்தேன். "வாறேன்" என்றேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான் அது, சொல்லாமல் யாரும் படியிறங்க மாட்டார்கள். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். ஓட்டியது யாரோ சின்னப் பையன். மறுபடியும் அந்த வீட்டுக்குப் போவதற்கு என்னிடம் இப்போது ஒரு காரணமும் மிச்சமில்லை.