கொப்பி இல்லாத கலியாணங்கள்

கணினி திருத்தும் தொழிலில் வாடிக்கையாளர் எப்போதும் ஒருநாள் பிந்தித்தான் வருவார். தொலையாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டியவர், தொலைந்துவிட்டது, இனி என்ன செய்யலாம் என்று கேட்டபடி படியேறுவார். கல்முனைச் சந்தைக்குப் பின்னால், மாடியில் என் கடை. இதை வாசிக்கிற நீங்களும் எங்கேயாவது இப்படியொரு படி ஏறியிருப்பீர்கள். ஏறாதவர்கள் சற்றுப் பொறுங்கள், உங்கள் நாளும் வரும்.

கட்டி வைத்த கொப்பி

மருதமுனையில் கலியாணக் கார்டு அடிக்கிற ஒருவர். கணினியில் இருப்பதற்கெல்லாம் பிரதி, எங்கள் பேச்சில் கொப்பி, ஒன்று எடுத்து வையுங்கள் என்று நான் சொன்னதைக் கேட்டு நடந்த அபூர்வமான மனிதர். வெளியே செருகுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, எல்லா டிசைன்களையும் அதில் தவறாமல் கொப்பி எடுத்தார். வேலைக்கு வருகிறவர்கள் யாரும் அதைக் கொண்டுபோய்விடக் கூடாதென்று, கம்பி போட்டுக் கணினியோடு சேர்த்துக் கட்டியும் வைத்தார்.

மாரி மழையில் ஒரு மின்னல். இரண்டும் ஒன்றாகக் கருகின. கட்டு அவிழ்க்காமலே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கொப்பி என்பது வேறொரு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்றேன். அவர் கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார்: “களவு போகாமத்தான் காக்கா பாதுகாத்த. இடி வந்து களவெடுக்கும் எண்டு ஆர் கண்ட?”

கொப்பி வேண்டாதவர்

அடுத்தவரை ஃபரீஹா என்று வைத்துக்கொள்வோம். ஊர் அட்டாளைச்சேனை. கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் மட்டும் படம் எடுப்பவர். படம் எடுப்பதும், திருத்துவதும், ஆல்பம் கட்டுவதும் அவருடைய வீட்டுப் பெண்கள்தான். ஆண் கண் படாது என்பது அவருடைய தொழிலின் முதல் பாதி. மற்றப் பாதிதான் இந்தக் கிழக்குக் கரையெங்கும் இருந்து அவரைத் தேடி ஆட்களை வர வைத்தது. எடுத்த படத்தைக் கணினியில் ஏற்றியதும் கெமராவைத் துடைத்துவிடுவார். ஆல்பத்தைக் கையில் கொடுக்கிற அன்று பெண்ணின் உம்மாவைக் கணினிக்கு முன்னால் இருத்தி, மகளின் படங்களை அவருடைய விரலாலேயே அழிக்க வைப்பார். பென் டிரைவ் கூடக் கொடுப்பதில்லை. அது கைமாறும்.

அவர் என்னிடம் கணினி வாங்கியபோது நான் வழக்கமான ஓதலை ஓதினேன். ஆல்பம் முடியும் வரைக்குமாவது இன்னொரு கொப்பி இருக்கட்டும், வேறொரு இடத்தில், நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம் என்றேன். ஃபரீஹா பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “கொப்பி இல்ல எண்டுதான் காக்கா எனக்கு ஆக்கள் வாற. ஒண்டு எங்கயோ இரிக்கி எண்டு கதை வந்தா, மறுகா ஒரு கலியாணமும் வராது.”

நல்ல மனதோடு அழித்தவர்

ஒரு முற்பகல் ஃபரீஹாவிடமிருந்து அழைப்பு. நிந்தவூரிலிருந்து ஓர் உம்மா ஆல்பம் எடுக்க வந்திருக்கிறார். மகளின் படங்களை வழக்கப்படி அழித்தார். ஃபரீஹா தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனார். தனியாக இருந்த உம்மாவுக்கு ஒரு யோசனை. மகளின் படம் ஒன்றிரண்டு கணினியின் வேறு பெட்டிகளுக்குள் ஒளிந்து கிடந்தால்? அழுத்தும் வித்தையைத்தான் இப்போது கற்றாயிற்றே. திரையில் இருந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அழித்தார். தேத்தண்ணியைக் குடித்து, துஆச் செய்து வாழ்த்திவிட்டுப் போனார்.

அழிந்தவற்றில் அக்கரைப்பற்றுக் கலியாணம் ஒன்று. ஆல்பம் இன்னும் கட்டவில்லை. கெமராவும் துடைத்தாயிற்று. கணினியிலிருந்து கையை எடுங்கள், நிறுத்துங்கள், அப்படியே கொண்டுவாருங்கள் என்றேன். (நீங்களும் இதையே செய்யுங்கள். பதற்றத்தில் தட்டிக்கொண்டிருப்பதுதான் பாதிப் படத்தைக் கொல்கிறது.) அழித்ததைப் பெரும்பாலும் திருப்பி எடுக்கலாம் என்றும் சொன்னேன். அவருக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: “அழிச்சது திரும்பி வருமா? அப்ப, இவ்வளவு நாளும் நான் உம்மாமாருக்கு என்னத்தக் காட்டின?”

முதுகால் பார்த்த வேலை

அழிப்பது என்றால் கணினி படத்தைத் தூக்கி எறிவதில்லை. பெயரை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலி என்று எழுதிவைக்கும். வேறொன்று வந்து அங்கே உட்காரும்வரை பழையது கிடக்கும். அதைத் தேடித் தருகிற மென்பொருள் என்னிடம் இருந்தது. ஆனால், அது தேடும்போதே ஒவ்வொரு படத்தையும் திரையில் காட்டும். நான் பார்க்கக் கூடாது.

ஆகவே என் மனைவி சம்லாவைக் கடைக்கு வரச் சொன்னேன். சம்லாவும் ஃபரீஹாவும் திரைக்கு முன்னால். நான் கதிரையைத் திருப்பிப்போட்டு, சுவரில் தொங்கிய அரிசி ஆலைக் கலண்டரைப் பார்த்தபடி.

“இடப்பக்கம் ஒரு பட்டன் இருக்கும், அமத்து.”

“எதுகா? ரெண்டு கிடக்கு.”

“எழுத்தைச் சொல்லு.”

“நீங்க திரும்பிப் பாத்தா ஒரு நொடிதான். பாக்கவும் ஏலா, என்ன?” என்று சிரித்தாள். ஃபரீஹா சிரிக்கவில்லை.

ளுஹர் தொழுகை முடிந்து படங்கள் வரத் தொடங்கின. அக்கரைப்பற்றுக் கலியாணம் முழுதாக வந்தது. ஃபரீஹா அழுதது எனக்கு முதுகில் கேட்டது. ஆனால், படங்கள் நிற்கவில்லை. காலையில் அழிந்த நிந்தவூர் மகள் வந்தாள். அதற்கு முந்தியவர்கள் வந்தார்கள். உம்மாமார் ஒவ்வொருவராக உட்கார்ந்து அழித்த பெண்களெல்லாம் கலந்து வந்துகொண்டே இருந்தார்கள். திடீரென்று சம்லாவின் கை நின்றது. “இஞ்ச, எங்கட தங்கச்சிர கலியாணமும் கிடக்கு. உம்மாதானே கையால அழிச்ச?”

கடல்

அக்கரைப்பற்றுப் படங்களை வேறு டிஸ்க்கில் எடுத்துக் கொடுத்தேன். மிச்சத்தை என்ன செய்வது? தொழில்காரனாக நான் ஒரு யோசனை சொன்னேன்: தானாக வந்தவை, அப்படியே பூட்டி வையுங்கள், ஒரு காலத்தில் யாராவது கேட்பார்கள். சம்லா என்னைத் திரும்பிப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன், நான் கலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபரீஹா கேட்டது ஒன்றுதான்: திரும்பி வராமல் அழிக்க என்ன வழி?

அதன்மேல் வேறெதையாவது நிரப்ப வேண்டும் என்றேன். அதற்கென்று மென்பொருள் உண்டு, போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன். தன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றார். அட்டாளைச்சேனைக் கடற்கரையில் கெமராவை நிறுத்தி, கடலை நீள நீளமாக எடுத்து, டிஸ்க்கில் ஓர் இடமும் மிஞ்சாமல் அதனால் நிரப்பினார். இப்போது ஒவ்வொரு ஆல்பமும் போனபிறகு அப்படித்தான். கொப்பி விஷயத்திலும் இறங்கிவந்தார். கலியாண வீட்டிலேயே ஒரு கொப்பி எடுத்து, பெண்ணின் உம்மாவின் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடமே கொடுக்கிறார். வேறொரு கூரை என்று நான் ஓதியது ஒருவழியாக நடந்தது. ஆல்பம் வருகிற அன்று அந்தக் கொப்பியின் மேலும் கடல் ஏறும். ஏன் கடல் என்று கேட்டேன். “அத ஆரும் வந்து திருப்பித் தாங்க எண்டு கேக்கமாட்டாங்கதானே, காக்கா.”

திரும்பி வந்த விரல்

அடுத்த மாரியில் ஓர் அம்மையார் மூச்சு வாங்க என் கடைப் படியேறினார். நிந்தவூர் என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. வெள்ளம் வீட்டுக்குள் ஏறி, அலமாரியின் அடித்தட்டில் இருந்த ஆல்பம் ஊறிப்போயிருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மகள் புருஷனோடு கட்டாரில் இருக்கிறாள், வந்தால் கேட்பாள். ஃபரீஹாவின் கணினி என்னிடம் வாங்கியது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, அந்தப் புள்ளக்கிட்ட ஒரு கொப்பி இரிக்கும். ரகசியமா எடுத்துத் தாங்க.”

“நீங்கதானே உம்மா அழிச்ச?”

“அழிச்சதான். எல்லாரும் ஒண்ட ஒளிச்சி வெச்சிருப்பாங்க எண்டு நம்பித்தானே அழிச்ச?”

இல்லை என்றேன். தேடினாலும் கடல்தான் வரும் என்றேன். அவர் நனைந்த ஆல்பத்தை மடியில் வைத்து, ஒட்டிய தாள் ஒன்றை நகத்தால் பிரிக்கப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு முகத்தில் வந்ததை மரியாதை என்றுதான் சொல்ல வேண்டும். எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“அப்ப மெய்யாத்தான் அழிச்சிரிக்காள். சின்னவள்ட கலியாணத்துக்கும் அவளத்தான் பிடிக்கணும். ஆனா தம்பி, இந்த முற கொஞ்சம் ஆறுதலா, அவசரப்படாம அழிக்கச் சொல்லுங்க.”

ஒன்றும் மிஞ்சக் கூடாது, ஆனால் தேவைப்படும்போது எங்கேயோ ஒன்று இருக்க வேண்டும் என்பதைத்தான் நாங்கள் தொழில்காரர்கள் வாடிக்கையாளரின் தேவை என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.