ஆறு தடவை கழுவிய கை

லமுன் அக்கா கழுவிக் கொடுக்காத குடுவை எங்கள் வேதியியல் துறையில் குடுவையே இல்லை. பேராசிரியரே வாங்கிக்கொண்டு வந்த புத்தம் புதுக் கண்ணாடியானாலும் சரி, முதலில் அக்காவின் தொட்டிக்குப் போய்விட்டுத்தான் மேசைக்கு வரும். என் பெயர் தாம், அங்கே சாமான் அறைக்குப் பொறுப்பாளர். ஒரு பாட்டில் ஆல்கஹால் வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் என் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா மட்டும் போட மாட்டாள். கேட்டால், "நான் என்ன குடிக்கவா கேக்கறேன், தாம்?" என்பாள். பதினோரு வருடமாக அந்த ஒரே பதில்தான்.

எங்கள் ஆய்வகத்தின் வேலை சாயம் செய்வது. துணிக்குப் போடுகிற சாயம் இல்லை. சும்மா கிடக்கும்போது இருட்டாகக் கிடக்கும். தான் தேடுகிற பொருளைத் தொட்டதும் ஊதா விளக்குக்குக் கீழே பளிச்சென்று ஒளிரும். ஒன்று பாதரசத்தைக் காட்டிக்கொடுக்கும், இன்னொன்று மூத்திரத்தில் இறங்கும் சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கும். நல்ல வேலைதான். ஆனால் இந்த உலகத்தில் பாதி சாமான்கள் யாரும் கேட்காமலேயே ஒளிர்கின்றன. சலவைத் தூள் ஒளிரும். வெள்ளைத் தாள் ஒளிரும். பழுத்த வாழைப்பழத் தோலின் புள்ளிகள்கூட நீலமாக ஒளிரும். இவற்றில் ஒரு துளி குடுவைக்குள் விழுந்தாலும் மூன்று மாத உழைப்பு வீண்.

இதைப் புத்தகத்தில் படித்தவர்கள் நாங்கள். கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தவள் லமுன் அக்கா. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மீன் டப்பா ஆலையில் சேர்ந்தவள். ஓடுகிற பட்டையில் நசுங்கிய டப்பாவைப் பொறுக்கும் வேலை, பதினான்கு வருடம். அந்தக் கண் அப்படியே எங்களுக்கு வந்து சேர்ந்தது. ஒரு மாணவனின் வெற்றுத் தண்ணீர் வாரக்கணக்கில் ஒளிர்ந்துகொண்டிருந்தபோது, எல்லாரும் கருவியைக் கழற்றிப் பார்த்தார்கள். அக்கா அவன் குடுவை துடைக்கிற துண்டைப் பிடுங்கி விளக்கில் காட்டினாள். அவன் அம்மா சலவைத் தூளில் அலசி அனுப்பிய துண்டு. நிலா மாதிரி ஒளிர்ந்தது. அன்றிலிருந்து அவள் வைத்ததுதான் சட்டம். புது வெள்ளைச் சட்டையோடு வந்த கனித்தா மேடத்தையே, அதாவது எங்கள் பேராசிரியரையே, இருட்டறை வாசலில் நிறுத்தி, "கறுப்பு மாத்திட்டு வாங்க மேடம்" என்று திருப்பி அனுப்பியவள். கையுறையும் கிடையாது, அதன் பொடியும் ஒளிருமாம். வெறும் கைதான், ஏழு தடவை கழுவ வேண்டும். யாராவது ஐந்தில் நிறுத்தினால் பின்னாலிருந்து குரல் வரும். "இன்னும் ரெண்டு பாக்கி. நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன்."

இப்படிப்பட்டவளுக்குச் சந்தையில் ஒரே ஒரு பகை இருந்தது. கணவாய் மீன் விற்கும் ரொக்கியா. நான்கு வருடத்துக்கு முன்னால் அவளிடம் வாங்கிய கணவாய் ரப்பர் மாதிரி இருந்தது என்று அக்கா மறுநாள் போய்ச் சொன்னாள். "வாணலியை அடுப்புல வெச்சுட்டு அரட்டை அடிச்சா எந்தக் கணவாயும் ரப்பர்தான்" என்றாள் ரொக்கியா, பத்துப் பேர் கேட்க. தீர்ந்தது. அன்றிலிருந்து அக்கா ரொக்கியா கடையைத் தாண்டிப் போய், பக்கத்துக் கடை சூவித்திடம்தான் வாங்குவாள். அதுவும் ரொக்கியா காதில் விழும்படி, "என்ன பளபளப்பு, என்ன விறைப்பு, ஒரு ஈ உக்காருதா பாரு" என்று புகழ்ந்துகொண்டே வாங்குவாள். ரொக்கியா இவளை லேப்காரி என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை.

போன வருடம் கனித்தா மேடம் ஒரு புதுச் சாயம் கண்டுபிடித்தார். ஃபார்மலினுக்கானது. பிணத்தைக் கெடாமல் வைக்கிற அந்தத் திரவத்தைச் சில புண்ணியவான்கள் கணவாயிலும் தெளிக்கிறார்களே, அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம். ஒளிராத வடிதாளை விரல் அகலப் பட்டையாக வெட்டிச் சாயத்தில் தோய்த்துக் காயவைப்பது, மீன்மேல் அழுத்துவது, இருட்டுப் பெட்டிக்குள் ஊதா விளக்கில் காட்டுவது. நல்ல மீனென்றால் ஒன்றும் தெரியாது. ஃபார்மலின் இருந்தால் வானத்து நீலம். பட்டைகளை வெட்டியது, தோய்த்தது, காயவைத்தது எல்லாம் அக்கா. எங்கள் ஊர் சொங்க்லாவின் மீன் சந்தையில் முதல் சோதனை, ஒரு திங்கட்கிழமை காலையில் என்று முடிவாயிற்று.

நகராட்சி அதிகாரி பிசித் அதற்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். பட்டை ஒளிர்ந்தால் கடைக்கு முப்பது நாள் பூட்டு, சந்தை வாசலில் கரும்பலகையில் கடைக்காரர் பெயர். பூட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பலகையில் பெயர் ஏறியவரிடம் பிறகு எந்த மனிதன் மீன் வாங்குவான்?

அதற்கு முந்தின சனிக்கிழமை அக்காவின் மகன் துன் துறவுக்குப் போனான். எங்கள் ஊர் வழக்கப்படி, மழைக்கால மூன்று மாதத்துக்குப் புத்த பிக்குவாக. மோட்டார் சைக்கிள் பட்டறையில் எண்ணெயும் அழுக்குமாக இருக்கிற பயல், அன்றைக்குத் தலை மழித்து உட்கார்ந்திருந்தான், அடையாளமே தெரியவில்லை. மழித்த தலைக்கு மஞ்சள் பூச வேண்டும். அக்கா பச்சை மஞ்சளைத் தானே இடித்து வந்திருந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் நாலு விரலால் தொட்டு வைத்தார்கள். இவள் இரண்டு கையாலும் அள்ளி, நெற்றி, பிடரி, காதுமடல் என்று அரை மணி நேரம் தேய்த்தாள். "போதும்மா, எரியுது" என்றான் அவன். "சும்மா இருடா" என்று இன்னொரு பிடி அள்ளினாள். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சந்தைக்குப் போனோம். இருட்டுப் பெட்டியைச் சுமந்தது நான். கறுப்புத் துணி தொங்கும் மரப்பெட்டி, மேலே கண் வைக்க ஒரு துளை, நல்ல கனம். பட்டைகளும் இடுக்கியும் அக்கா கையில். மேடமும் பிசித்தும் முன்னால் நடந்தார்கள். முதல் நாலு கடைகளில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கடைக்கும் முன்னால் அக்கா ஆல்கஹால் கலந்த கிருமி மருந்து ஜெல்லைக் கையில் விட்டுத் தேய்த்துக்கொண்டு, இடுக்கியால் பட்டையை எடுத்து, அழுத்தி, பெட்டிக்குள் வைத்தாள்.

ஐந்தாவது ரொக்கியா.

"வாம்மா லேப்காரி. நல்லாப் பாத்துக்கோ, ரப்பரா இருக்கப் போகுது" என்றாள் ரொக்கியா.

அக்கா இடுக்கியை என் சட்டைப் பையில் சொருகினாள். "இவ சரக்குக்கு இடுக்கி பத்தாது. அழுத்திப் பிடிச்சாத்தான் உண்மை வரும்" என்று சொல்லிவிட்டு, ஜெல்லை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கொட்டி நகக்கண் வரைக்கும் தேய்த்தாள். பெரிய கணவாயாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பட்டையை வைத்து ஐந்து விரலாலும் அழுத்தினாள். பெட்டிக்குள் வைத்தாள்.

பிசித்துதான் முதலில் எட்டிப் பார்த்தார். "எரியுது" என்றார்.

சந்தையே திரும்பியது. மேடம் பார்த்தார், முகம் சுண்டிப்போயிற்று. நான் பார்த்தேன். பட்டை தெளிவாக ஒளிர்ந்தது. பிசித் நோட்டைத் திறந்து, "முழுப் பேரச் சொல்லும்மா" என்றார்.

ரொக்கியா வாயாடி, என்ன ரகளை பண்ணப் போகிறாளோ என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவளோ ஐஸ் மேலிருந்த கணவாய்களை ஒவ்வொன்றாக நேராக அடுக்க ஆரம்பித்தாள். "நேத்து ராத்திரி என் மாப்ள பிடிச்சது. படகுலேந்து நேரா இங்கதான் வந்துச்சு" என்றாள், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல். "எங்கம்மா உக்காந்த இடம் சார் இது. பலகையில மட்டும் எழுதாதீங்க."

அக்கா கடைசியாகத்தான் துளையில் கண் வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை.

நான் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவள் நிமிர்ந்து, "ஆமாம், எரியுது" என்று மட்டும் சொல்லியிருந்தால் கதை முடிந்தது. நான்கு வருடப் பகை ஒரே நாளில் தீர்ந்திருக்கும். எங்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மேடத்துக்கே தெரியவில்லை.

"இது நீலம் இல்ல" என்றாள் அக்கா, துளையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பச்சை. மஞ்சள் கலந்த பச்சை. ஃபார்மலின் இப்படி எரியாது."

"பச்சையோ நீலமோ, எரியுதுல்ல?" என்றார் பிசித்.

அக்கா பட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, தன் வலது கையைத் துணிக்குள் விட்டாள். துளையில் பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறியதை நான் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து, "ரொக்கியா, இங்க வா. உள்ள பாரு" என்றாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ரொக்கியா வந்து குனிந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மேடம், பிசித், நான். உள்ளே ஐந்து நகமும் ஓரம் ஓரமாகப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன, விரல் ரேகை வரைக்கும்.

"இது மஞ்சள். என் கைல இருக்கற மஞ்சள்" என்று சந்தைக்கே கேட்கும்படி சொன்னாள் அக்கா. "தண்ணிக்கு அசையாது, ஆல்கஹால் பட்டா ஓடி வந்துரும். நான்தான் ஜெல்லப் போட்டுத் தேச்சுத் தேச்சு வெளிய கொண்டு வந்துருக்கேன். இவ கணவாய் மேல ஒண்ணும் இல்ல. தப்பு என் மேல. எழுதறதுன்னா என் பேர எழுதுங்க சார்."

பிசித் பேனாவை மூடினார். மேடம் என் பையிலிருந்து இடுக்கியை உருவி, புதுப் பட்டை ஒன்றை எடுத்து அதே கணவாயின் மறுபக்கத்தில் அழுத்தினார். பெட்டிக்குள் கும்மிருட்டு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஊருக்கெல்லாம் கை கழுவச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது தேவைதான் என்று எவனோ சொன்னான். அவனை அங்கேயே அறைந்திருப்பேன், பெட்டி கையில் இருந்தது.

ரொக்கியாவுக்கு உயிர் வந்தது, உயிரோடு வாயும் வந்தது. மீன் செதில் தேய்க்கிற பிரஷ்ஷையும் ஒரு வாளித் தண்ணீரையும் தூக்கி வந்து அக்கா முன்னால் வைத்தாள். "இந்தா. தேய். நீ தேய்க்கறத நான் எண்ணறேன். ஏழு தடவைன்னு ஊரே சொல்லுது, உனக்கே எண்ணத் தெரியலயா?"

அக்கா பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். தேய்க்கவில்லை.

"ஆறு தடவை கழுவினேன்" என்றாள். "ஏழாவது நகத்தை பிரஷ்ல தேய்க்கணும். தேய்க்க மனசு வரல. சனிக்கிழமை என் பையன் காவி கட்டிட்டான். இனிமே பெத்தவளே ஆனாலும் நான் அவனத் தொடக் கூடாது. மழைக்காலம் முடியற வரைக்கும் தள்ளி நின்னு கும்பிடத்தான் முடியும். இது அவன் தலையில பூசின மஞ்சள். தானா போற வரைக்கும் இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

அரை மணி நேரம் அந்தத் தலையை அவள் ஏன் விடாமல் தேய்த்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

ரொக்கியா அவள் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி வாளிக்குள் போட்டாள். வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். தன் கையை ஐஸ் தண்ணீரில் அலசித் துடைத்துக்கொண்டு என் சட்டைப் பைப் பக்கம் நீட்டினாள். இடுக்கி மேடத்திடம் இருந்தது. மேடம் எடுத்துக் கொடுத்தார்.

"நீ கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கோ" என்றாள் ரொக்கியா. "எப்படிப் பிடிக்கணும்னு சொல்லு. நான் பிடிக்கறேன்."

பிசித் வாயைத் திறந்தார். மேடம் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அடுத்த கடை சூவித்துடையது. அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஓரத்தப் பிடி, நடுவுல தொடாத, மூணு எண்ணற வரைக்கும் அழுத்து" என்று சொல்லச் சொல்ல, ரொக்கியா பட்டையை அழுத்திப் பெட்டிக்குள் வைத்தாள். அக்கா குனிந்து பார்த்தாள்.

நீலம். வானத்து நீலம். மேடம் பார்த்து, பிசித் பார்த்து, இன்னொரு பட்டை போட்டு, அதுவும் நீலம். பிசித் மறுபடி நோட்டைத் திறந்து, சூவித்தின் பெயரை எழுதிக்கொண்டார்.

ரொக்கியா அக்காவைத்தான் பார்த்தாள். "நாலு வருஷமா?" என்றாள்.

"நாலு வருஷமா" என்றாள் அக்கா. "வாரத்துக்கு ரெண்டு நாள்."

"ஒரு ஈ உக்காராதுன்னு சொல்லுவியே."

"வாய மூடு."

மீதிப் பத்துக் கடைகளையும் அப்படியே முடித்தார்கள், ஒருத்தி கை கட்டி, ஒருத்தி இடுக்கி பிடித்து. வழி முழுக்கச் சண்டை. நான் பெட்டியோடு பின்னால் போனேன். முதுகு போய்விட்டது, ஆனாலும் நீண்ட நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தேன். முடிந்ததும் ரொக்கியா தன் கடையிலிருந்து சின்னக் கணவாயாகப் பொறுக்கி ஒரு பை நிறையப் போட்டாள். "நாளைக்குக் காலைல உன் பையன் பிச்சைக்கு வருவான்ல? வறுத்து அவன் பாத்திரத்துல போடு. ரப்பரா இருந்தா அவன் சொல்லட்டும்."

"துறவி சாப்பாட்டக் குறை சொல்லக் கூடாது" என்றாள் அக்கா.

"அதான் குடுக்கறேன்."

அக்கா பையை வாங்க மஞ்சள் கையை நீட்டினாள். பிறகு, இருக்கிற மஞ்சளும் பையோடு போய்விடுமென்று நினைத்தாளோ என்னவோ, பையை என்னை வாங்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் மறுபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.