காற்றாடியோடு ஒரு லோரி ஓட்டம்

பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுக் கூரைமேல் காற்று வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பழைய துணி துவைக்கும் மெஷினின் மோட்டாரில், பிளாஸ்டிக் குழாயை வெட்டி மூன்று இறக்கை பூட்டி, என் கணவர் ஒரு காற்றாடி செய்திருந்தார். அது எவ்வளவு மின்சாரம் தரும் என்று பார்க்க அந்தக் காற்றை நம்பிப் பயனில்லை.

"காத்து வரலன்னா நாம காத்துகிட்ட போவோம்லா," என்றார். பாசாருக்குக் காய்கறி ஏற்றும் என் சின்ன லோரிமேல்தான் அவருக்குக் கண். ஆசை வந்துவிட்டால் அறுபது வயது மனிதருக்கு ஆறு வயதுதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் புலாவ் செபாங் பக்கம் போனோம். அங்கே செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு நேர்ச்சாலை. லீவு நாளில் ஈ காக்கை இருக்காது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், லோரித் தட்டில், காற்றாடிக் கம்பத்தைக் கட்டினார். அதன் பின்னால் ஒரு கையில் மீட்டரும் ஒரு கையில் பக்கக் கம்பியுமாக நின்றுகொண்டார். வருகிற மின்சாரத்தை மூன்று கார் பல்புகள் இழுத்துக்கொள்ளும், அந்தச் சுமை இருக்கும்வரை இறக்கை அடங்கிச் சுற்றும் என்றார்.

"வயரு கழண்டுட்டா?" என்றேன்.

"ஒனக்கு நல்ல வார்த்தையே வராதா?"

வேகம் முப்பதைத் தொட்டதும் பல்பு எரிந்தது. பின்னால் அவர் சிரித்தது கேட்டது. நாற்பதைத் தாண்டியபோது ஒரு குழியில் லோரி எகிறியது. கண்ணாடியில் பார்த்தேன், மூன்று பல்பும் அணைந்திருந்தன. வயர் கழன்றுவிட்டது. சுமை போனதும் இறக்கை ஊளையிட ஆரம்பித்தது.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!"

கால் தானாக பிரேக்குக்குப் போனது. அப்போதுதான் உறைத்தது. சட்டென்று மிதித்தால் மனிதர் முன்னால் விழுவார், முன்னால் அந்த இறக்கைதான் இருக்கிறது. மிதிக்காமல் ஓட்டினால் அது இன்னும் வேகம் பிடித்து, பிய்ந்து, அவர்மேலேயே பாயும். மாதாவே, மாதாவே என்று வாய் அரற்றியது. கால் மட்டும் முட்டைமேல் வைப்பதுபோல் மெல்ல மெல்ல இறங்கியது.

அவர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. அப்போதும் நான் அழுத்தி மிதிக்கவில்லை. ஓர் இறக்கை முறிந்து, என் தலைக்குமேல் தகரத்தில் இடித்துப் பறந்தது. கத்தல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

லோரி நின்றும் என்னால் இறங்க முடியவில்லை. அவர்தான் ஜன்னலுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் முழுதாக இருந்தார்.

"நான் கத்துனது ஒனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

என்னையே பார்த்தார். பிறகு திரும்பிக் கம்பத்தைப் பார்த்தார். அவர் நின்ற இடத்துக்கும் அதற்கும் ஒரு கை தூரம்தான். கதவைத் திறந்து, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.